சரயூவின் சிரிப்பு, நான்கு நொடி

மார்ச் 3, செவ்வாய்

இன்று நூற்றுப் பதினெட்டு கைதட்டல்கள் எழுதினேன். எண்பது புன்னகை. கொட்டாவி பதினொன்று. கொட்டாவிகளைத் தனிப் பக்கத்தில் எழுத வேண்டும், தவறிக்கூட யாரும் எடுத்துவிடக் கூடாது என்பதற்காக.

சனிக்கிழமை முடிந்த விருது விழா இருபத்திரண்டாம் தேதிதான் தொலைக்காட்சியில் வருகிறது. மேடையைப் பார்த்து ஏழு கேமரா, கூட்டத்தைப் பார்த்து நான்கு. அந்த நான்கும் ஐந்து மணி நேரம் எடுத்த முகங்களை எல்லாம் பார்த்து, யார், எந்த வரிசை, என்ன செய்கிறார், எத்தனை நொடி என்று பட்டியல் போடுவது என் வேலை. எடிட்டர் சௌமென் தா ('தா' என்றால் வங்காளத்தில் அண்ணன்), "ஒரு சிரிப்பு குடு. பொம்பளை. முன்வரிசை" என்பார், கடைக்காரரிடம் பொட்டலம் கேட்பது போல. நான் அந்தத் துண்டின் எண்ணைச் சொல்வேன்.

பெரிய நடிகர்கள் எழுந்து வெளியே போனால், காலி நாற்காலி தெரியாமல் இருக்க நல்ல உடை போட்ட யாரையாவது கொண்டுவந்து உட்கார வைப்பார்கள். சனிக்கிழமை ஒரு பல் மருத்துவ மாணவர் முதல் வரிசையில் நாற்பது நிமிடம் இருந்தார். அவருக்கு 'வேண்டாம்' என்று எழுதினேன். பாவம், நன்றாகத்தான் தட்டினார்.

பட்டியலின் கடைசிக் கட்டம் நானே சேர்த்தது. பின்னணியில் மேடை தெரியாத முகமாக இருந்தால் 'எங்கும்' என்று எழுதுவேன். எந்த இடத்திலும் ஒட்டலாம் என்று அர்த்தம். சௌமென் தா இன்று பார்த்துவிட்டு, "கேதகி, உன் பட்டியல் இருந்தா கண்ணை மூடிக்கிட்டு வெட்டலாம்" என்றார். நிகழ்ச்சியைத் தயாரிக்கும் பினாய்ஃபர் மேடம் காதிலும் விழுந்தது. ஏப்ரலிலிருந்து என்னை உதவி எடிட்டராக எடுத்துக்கொள்வதாக ஜனவரியிலேயே சொன்னவர். இன்று கதவருகில் நின்று, "டிக்ரா, நீ பிழைச்சுக்குவே" என்றார். அவர் இப்படிக் குஜராத்தியில் பிள்ளையே என்று கூப்பிட்டால் மனநிலை நன்றாக இருக்கிறது என்று பொருள்.

வீடு இருக்கும் டோம்பிவிலி வரை ரயிலில் நின்றுகொண்டே வந்தேன். இருந்தும் முப்பது பக்கம் படித்தேன்.

மார்ச் 4, புதன்

ஹோலி. ஊரே வண்ணமாகக் கிடக்க, நாங்கள் இருட்டறையில் அடுத்தவர் முகம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மார்ச் 5, வியாழன்

தொழில்நுட்ப விருதுகளை எல்லாம் நட்சத்திரங்கள் வருவதற்கு முன்பே கொடுத்து முடித்துவிடுகிறார்கள். ஒலி, ஒளி, சண்டை, உடை, சிகை. அரங்கில் பாதி நாற்காலி காலி. பேச்சுக்கு அனுமதி இல்லை. வாங்கு, கும்பிடு, இறங்கு. ஒளிபரப்பில் எல்லாருக்கும் சேர்த்து இருபது நொடி.

சிகை அலங்காரத்துக்கு ஜுலேகா என்று ஒருவர். ஐம்பது வயது இருக்கும். புதுச் செருப்பு போலிருக்கிறது, மூன்றாவது படியில் தடுமாறினார். நின்றார். குனிந்து இரண்டையும் கழற்றி இடது கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு மேடைக்குப் போய் வலது கையால் விருதை வாங்கினார். இறங்கும்போது இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார், ஒன்றில் விருது, ஒன்றில் செருப்பு.

அந்த நேரத்தில் மூன்றாம் வரிசையில் ஒரே ஒரு நடிகை இருந்தார். சரயூ கான்வில்கர். நான் கல்லூரியில் படித்தபோது தாதரில் அவருடைய மராத்தி நாடகங்களை மாடி வரிசையிலிருந்து பார்த்திருக்கிறேன். இந்திப் படங்களில் பத்து வருடமாக எல்லாக் கதாநாயகர்களுக்கும் அம்மா. ஜுலேகா செருப்பைத் தூக்கியதும் தலையைப் பின்னால் சாய்த்து, வாய்விட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவ்வளவு அழகான சிரிப்பை இந்த நாலு கேமராவில் வேறெங்கும் பார்க்கவில்லை.

எழுதினேன்: சரயூ கா., மூன்றாம் வரிசை, பெருஞ்சிரிப்பு, 4 நொடி, எங்கும்.

மார்ச் 7, சனி

விழாவைத் தொகுத்து வழங்கிய இளம் நடிகர் எழுதிக் கொடுத்ததை விட்டுவிட்டுத் தானாகப் பேசிய இடம். சிறந்த துணை நடிகைக்கான பெயர்களை வாசிக்கிறார். கேமரா ஒவ்வொரு முகமாகப் போகிறது. சரயூவிடம் வந்ததும்:

"சரயூஜி! இந்த ஊர்ல எந்த ஹீரோவைக் கேட்டாலும் அம்மா இவங்கதான். ஊருக்கே பெத்துப் போட்டாச்சு, வீட்டுல மட்டும் தொட்டில் காலி!"

அரங்கம் சிரித்தது. நிஜமாகவே சிரித்தது, நாங்கள் சேர்த்த சிரிப்பு இல்லை. முதல் வரிசையில் ஒருவர் தொடையில் தட்டிக்கொண்டார்.

ஒன்பதாம் கேமரா சரயூ மேலேயே நிற்கிறது. அவர் சிரிக்கவில்லை. கோபமும் இல்லை. மேடையில் இருக்கும் அந்தப் பையனைப் பார்க்கிறார், பேருந்தில் யாரோ காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்பார்களா என்று பார்ப்போமே, அப்படி. எட்டு நொடி. பிறகு அவர் பெயரையே வெற்றியாளராக அறிவிக்கிறார்கள். எழுந்து போகிறார். நன்றி சொல்கிறார்.

எட்டு நொடிக்கு என்ன எழுதுவது? 'பார்வை' என்று எழுதினேன். எங்கே பயன்படும் என்ற கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டேன்.

மார்ச் 9, திங்கள்

அந்தப் பகுதியை இன்று வெட்டினார்கள். நான் பின்னால் பட்டியலோடு உட்கார்ந்திருந்தேன்.

சௌமென் தா எட்டு நொடியை ஓட்டிக் காட்டினார். பினாய்ஃபர் மேடம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"ஐயோ, இந்த முகத்தைப் போட்டா ஷோ செத்துடும்."

"ஜோக்கையே எடுத்துடலாமே மேடம்," என்றார் சௌமென் தா.

"சேனல்காரன் விடுவானா? முன்னோட்டத்துலயே அதைப் போடணும்னு கேக்கறான். அவ சிரிச்சாதான் வீட்ல உக்காந்து பாக்கறவன் சிரிக்கலாம். அவ சிரிக்கலேன்னா அவனுக்குக் குத்தும். சரயூவோட சிரிப்பு ஒண்ணு எடு."

"கேதகி, சரயூ, சிரிப்பு?"

வாயைத் திறந்தேன். எண் வரவில்லை. "தேடணும்" என்றேன். மனப்பாடமாகத் தெரிந்த எண்.

"தேடு. நாளைக்குப் போதும்."

ரயிலில் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. ராஜாவின் ஜோக்குக்கு முதலில் யார் சிரிக்க வேண்டும் என்று முறை வைத்திருந்த சபைகளைப் பற்றிப் படித்திருக்கிறேன். அப்போது வேடிக்கையாக இருந்தது. அங்கேயும் ஒருத்தி மூலையில் உட்கார்ந்து சிரிப்புகளை எழுதி வைத்திருப்பாளோ?

மார்ச் 10, செவ்வாய்

பட்டியலைத் திருத்திவிட்டேன். சரயூ, பெருஞ்சிரிப்பு: 'எங்கும்' என்பதை அழித்து 'கூர்மை இல்லை, உதவாது' என்று எழுதினேன்.

பொய். என் பட்டியலில் முதல் பொய்.

எளிதாகத்தான் எழுதினேன். அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 11, புதன்

சௌமென் தாவை ஏமாற்ற முடியுமா? ஆயிரம் முகம் பார்க்கிற மனுஷன். மதியம் மீன்குழம்பு டப்பாவைத் திறந்துகொண்டே, யாரிடமோ பேசுவது போலச் சொன்னார்:

"அந்த அம்மா சிரிச்சது கூர்மையாத்தான் இருந்துச்சு. நானே பாத்தேன். செருப்பு சீன்ல."

நான் என் டப்பாவைத் திறந்தேன்.

"வெச்சுட்டேன். வேற வழியில்ல. பிரமாதமாப் பொருந்துது, அதான் கஷ்டம்." ஒரு முள்ளை எடுத்து டப்பா மூடியில் வைத்தார். "நீ பட்டியல் எழுதற பொண்ணு. உன் பேரு கடைசில ரெண்டு நொடி ஓடும், அதையும் விளம்பரத்துக்காக வெட்டிடுவான். இதுக்குப் போய் ஏப்ரல் வேலையைக் கெடுத்துக்காத."

ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். பார்த்தேன். தொட்டில் காலி என்கிறான் அவன், சரயூ தலையைச் சாய்த்துச் சிரிக்கிறார். கண்ணில் நீர் வரச் சிரிக்கிறார். அவ்வளவு பெரிய மனசோடு அதை ரசிக்கிறார்! பார்க்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும். எனக்கே ஒரு கணம் தோன்றியது.

எங்கும். நான் எழுதிய சொல்தான். யாரைக் குற்றம் சொல்வது?

மார்ச் 12, வியாழன்

சரயூவின் நன்றியுரையில் மைக் கரகரத்திருந்தது. மறுபடி பேசிச் சேர்ப்பதற்காக இன்று கீழ்த்தள ஒலிப்பதிவு அறைக்கு வந்தார். அவர் அன்று பேசியதை வரிவரியாக எழுதி எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார என்னை அனுப்பினார்கள். நானாகக் கேட்டுப் போகவில்லை. இதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

பருத்திக் குர்தா, எண்ணெய் வைத்த தலை, கையில் சாப்பாட்டு டப்பா. ஒரு தடவை பேசிப் பார்த்துவிட்டுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளரிடம், "அன்னைக்குக் குரல் நடுங்குச்சு. இப்ப நடுங்கலையே. நடுங்க வெக்கட்டுமா?" என்று கேட்டார்.

"லேசா மேடம்."

லேசாக நடுங்க வைத்தார். உதட்டசைவோடு முதல் தடவையிலேயே கச்சிதம்.

பிறகு வாசலில் தேநீர். என் ஊரைக் கேட்டார், சொன்னேன். ரயிலில் உட்கார இடம் கிடைக்கிறதா என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்லாமல், "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"தொட்டில் ஜோக்கா?"

"நீங்க அதுக்குச் சிரிச்ச மாதிரி போடறாங்க."

"போடட்டும்." பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தார். "சிரிக்காத மாதிரி வந்தா என்ன ஆகும் தெரியுமா? சரயூவுக்குத் திமிரு, சரயூவுக்கு வேடிக்கை தெரியாதும்பாங்க. அந்தப் பையனோட அண்ணன்தான் என் அடுத்த படத்துக்குத் தயாரிப்பாளர். அடுத்த மாசம் ஷூட்டிங். ஹீரோ என்னைவிட மூணு வயசு பெரியவன். அவனைத் தொட்டு ஆசீர்வாதம் பண்ணணும் நான்."

"எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. அதான்..."

"நான் அழுவேன்னு நினைச்சியா? அழறதுக்கு ஆள் கூப்பிட்டுப் பணம் குடுக்கறாங்கம்மா எனக்கு. சும்மா எதுக்கு அழணும்?"

வெட்கமாகப் போய்விட்டது. யாருக்காக நான் மூன்று நாளாகப் பொருமிக்கொண்டிருந்தேன்? கேட்காதவருக்கு நியாயம் வாங்கித் தரக் கிளம்பியவள் நான். கோப்பையை வாங்கிக்கொண்டு எழுந்தேன்.

அவரும் எழுந்தார். போகிற போக்கில் கேட்டார்: "எந்தச் சிரிப்பு? அன்னைக்கு நான் சிரிச்சதாவே ஞாபகம் இல்லையே."

"ஜுலேகாஜி விருது வாங்கினப்போ."

மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"செருப்பைத் தூக்கிக் காட்டினாளே, அப்பவா?"

"ஆமா."

எதிரே ஒரு ரிக்‌ஷாக்காரர் கண்ணாடியைத் துடைத்து முடித்து, இருக்கையையும் துடைத்து முடித்தார்.

"பதினேழு வருஷமா எனக்குத் தலை வாரிவிடறா. ஆஸ்பத்திரில கிடந்தப்போகூட அவதான் தினம் வந்து வாரிவிட்டா. ரெண்டு தடவையும்."

எதற்காக ஆஸ்பத்திரி என்று நான் கேட்கவில்லை.

"என் முகத்தை வெச்சு என்ன வேணா பண்ணிக்கட்டும். அந்தச் சிரிப்பை மட்டும் தொடக் கூடாது. அது அவளுக்கு." டப்பாவை எடுத்துக்கொண்டார். "உங்க மேடத்துக்கு நானே போன் பண்றேன். உன் பேர் வராது."

வந்தாலும் பரவாயில்லை என்று சொன்னேனா, நினைத்ததோடு சரியா, இப்போது எனக்கே தெரியவில்லை.

மார்ச் 13, வெள்ளி

"கதவைச் சாத்து" என்றார் பினாய்ஃபர் மேடம். டிக்ரா இல்லை.

சரயூ பேசியிருக்கிறார். என் பெயரைச் சொல்லவில்லை. மேடத்துக்கு அது தேவையாகவும் இல்லை.

"யாரு சொன்னான்னு எனக்கு அக்கறை இல்ல. கூர்மை இல்லைன்னு எழுதினது நீதானே?"

"ஆமா மேடம்."

"ஆறு வருஷம் நான் இதே பட்டியல் எழுதியிருக்கேன். டேப் காலத்துல, கையால. அதுல ஒரு பொய் வந்துட்டா அப்புறம் அது பட்டியலே இல்ல, குப்பை. பிடிக்கலேன்னா என்கிட்ட வந்து சண்டை போட்டிருக்கணும்."

"போட்டிருந்தா கேட்டிருப்பீங்களா?"

"கேட்டிருக்க மாட்டேன். ஆனா சண்டை போட்டிருப்பே இல்ல?"

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க ரயில் முழுக்க முயன்றேன். கிடைக்கவில்லை. நான் செய்ததும் அவர்கள் செய்ததும் ஒரே வேலைதான், ஒரு முகத்தின் மேல் வேறொன்றை எழுதுவது.

அந்தச் சிரிப்பை என்ன செய்யப் போகிறார் என்று சொல்லவில்லை. "சரயூ ஒரு பக்கம், சேனல் ஒரு பக்கம். பாக்கறேன்" என்றார். ஏப்ரல் பற்றிக் கேட்டதற்கும் அதே சொல். பாக்கறேன்.

மார்ச் 14, சனி

பட்டியலைச் சரி செய்தேன். சரயூ, பெருஞ்சிரிப்பு, 4 நொடி, கூர்மை உண்டு. கடைசிக் கட்டத்தில்: ஜுலேகா மேடையில், செருப்பு கையில்.

இன்றோடு என் வேலை முடிந்தது. இறுதி வடிவம் திங்கட்கிழமை. அதைப் பார்க்க எனக்கு அனுமதி இல்லை.

மார்ச் 19, வியாழன்

பாட்வா, எங்கள் மராத்திப் புத்தாண்டு. ஜன்னலில் 'குடி' என்ற பட்டுத்துணி கட்டிய கொம்பை ஏற்றினோம். என் அம்மா, ஆயி, ஸ்ரீகண்ட் என்ற தயிர் இனிப்பு செய்தாள். புது வருடத்துக்கு என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டாள். சொல்லவில்லை. நான்கு நொடியை வேண்டிக்கொண்டேன் என்றால் அவளுக்கு என்ன புரியும்?

மார்ச் 22, ஞாயிறு

ஒளிபரப்பு. அப்பா, எங்கள் பாபா, ஏழு மணிக்கே வேர்க்கடலைக் கிண்ணத்தோடு உட்கார்ந்துவிட்டார். எல்லாவற்றுக்கும் சிரித்தார். அவருக்குச் சனிக்கிழமை பேருந்துக் கிடங்கில் இரட்டை வேலை. சிரிக்கட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆயி சமையலறை வாசலில் கொத்தவரங்காய் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

துணை நடிகை. பெயர்கள்.

தொட்டில் காலி, என்றான். அரங்கம் சிரித்தது. தொடையில் தட்டிக்கொள்ளும் அந்த முதல் வரிசை மனிதர். பாபாவும் சிரித்தார்.

பிறகு சரயூ.

அந்தச் சிரிப்பு இல்லை. பார்வை. ஒன்று, இரண்டு என்று நான் எண்ணிக்கொண்டே போனேன், எட்டு வரை. முழு எட்டு. தொலைக்காட்சியில் எட்டு நொடி என்பது எவ்வளவு நீளம் என்று இந்த வேலை பார்ப்பவர்களுக்குத்தான் தெரியும். பின்னால் அரங்கத்தின் சிரிப்பு ஓடிக்கொண்டே இருக்கிறது, அதை யாரும் குறைக்கவில்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஒரு பெண் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பாபாவின் கை கிண்ணத்துக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது.

"அந்தம்மா சிரிக்கலையே. என்னாச்சு அவங்களுக்கு?"

"என்ன ஆகணும்?" என்றாள் ஆயி, காயிலிருந்து கண்ணெடுக்காமல். "நானும் கேட்டுக்கிட்டுதானே இருக்கேன். அப்படி ஒருத்தன் சொன்னா சிரிப்பாளாக்கும்."

பாபா சத்தத்தைக் குறைத்தார். கடலையைக் கிண்ணத்திலேயே போட்டுவிட்டார்.

தொழில்நுட்ப விருதுகளின் இருபது நொடி கடைசியில் வந்தது. அதில் ஜுலேகா, இரண்டு கைகளையும் தூக்கியபடி. உடனே சரயூ, தலையைச் சாய்த்து. நான்கு நொடியில் இரண்டுதான் கொடுத்தார்கள். அது ஜுலேகாவுக்குப் பக்கத்தில் இருந்தது. போதும்.

நான் அழுதேன் என்று ஆயி சொல்கிறாள். ஜலதோஷம் என்றேன்.

மார்ச் 23, திங்கள்

சௌமென் தாவுக்குப் போன் செய்தேன். "நீங்களா?"

"நானா! படிக்க வெக்க எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு, கேதகி. திங்கக்கிழமை சாயங்காலம் மேடம் என்னை எழுந்திருன்னாங்க. போய் டீ குடின்னாங்க. திரும்பி வந்தா அவங்களே உக்காந்து வெட்டிக்கிட்டிருக்காங்க. பன்னெண்டு வருஷத்துல அவங்க கை அந்த எடிட்டிங் பலகையில பட்டு நான் பாத்ததே இல்ல."

"சேனல்ல என்ன சொன்னாங்க?"

"காலைலேருந்து மேடம் போனை எடுக்கல. அதான் பதில்."

ஏப்ரல் 8, புதன்

அந்த எட்டு நொடி எல்லாருடைய போனிலும் சுற்றுகிறது. பாதிப் பேர் சபாஷ் என்கிறார்கள். மீதிப் பேர், விருதையும் வாங்கிக்கொண்டு இவ்வளவு திமிரா என்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு கால்பந்துத் தோல்விக் காட்சிக்கு அடியில் அவருடைய பார்வையை ஒட்டி வேடிக்கை செய்திருக்கிறார்கள். எங்கும்.

அடுத்த மாதம் என்று அவர் சொன்ன அந்தப் படத்துக்கு வேறொரு அம்மாவைப் பிடித்துவிட்டார்களாம். பத்திரிகையில் ஒரு மூலையில் இருந்தது.

அவருக்கு இது தேவைதானா? சிரிப்பைத் தொடாதே என்றுதான் கேட்டார், பார்வையைக் காட்டு என்று கேட்கவில்லையே. முகத்தை என்ன வேண்டுமானாலும் செய்யட்டும் என்றாரே, அதை மேடம் அனுமதியாக எடுத்துக்கொண்டாரா? மேடத்திடம் கேட்க எனக்கு உரிமை இல்லை. சரயூவிடம் கேட்க அவர் எண் இல்லை. இருந்திருந்தாலும் கேட்டிருப்பேனா?

ஜுலேகா தன் இணையப் பக்கத்தில் ஒரு படம் போட்டிருக்கிறார். சரயூ தரையில் உட்கார்ந்திருக்கிறார், ஜுலேகா கட்டிலில் உட்கார்ந்து அவர் தலைக்கு எண்ணெய் தேய்க்கிறார். முகம் தெரியவில்லை, உச்சந்தலை மட்டும். அதை நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமா, இல்லையா? உச்சந்தலையை வைத்துச் சொல்ல முடியவில்லை.

ஏப்ரல் 21, செவ்வாய்

பினாய்ஃபர் மேடம் போன்.

"அடுத்த வருஷம் அந்த ஷோ நமக்கு இல்ல. வேற கம்பெனிக்குக் குடுத்துட்டாங்க."

"சரி மேடம்." என்ன சொல்வது என்று தெரியாமல், "நன்றி" என்றும் சேர்த்தேன்.

"எதுக்கு? நான் சரயூவுக்காகப் பண்ணலை. நாப்பது வருஷமா சிரிப்பு ஒட்டறேன், ஒரு தடவை ஒட்டாம விட்டா எப்படி இருக்கும்னு பாத்தேன். அவ்வளவுதான்." இருமினார். "சரயூ பேசினா. திட்டினா. அப்புறம் மதியச் சாப்பாட்டுக்கு வான்னா. போகணும்."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"டிக்ரா, ஒரு சமையல் போட்டி வந்திருக்கு. உதவி எடிட்டர்லாம் இல்ல, மறுபடி பட்டியல்தான். பத்து கேமரா, எல்லாம் மூஞ்சிதான். வர்றியா?"

"வர்றேன்."

"பிடிக்கலேன்னா?"

"சண்டை போடறேன்."

"திங்கக்கிழமை ஒம்பது மணிக்கு."

ஏப்ரல் 27, திங்கள்

புது இடம், பழைய நாற்காலி. நாக்பூரிலிருந்து வந்த ஒரு பெண், முதல் சுற்று. கையில் கத்தி. மூன்று கேமரா அவளுடைய முகத்தையே பிடித்திருக்கிறது. கன்னத்தில் வழிகிற அளவுக்குக் கண்ணீர். உதடு கடித்திருக்கிறாள், மூக்கை உறிஞ்சுகிறாள். வெளியேற்றுகிற கட்டத்தில் வைத்தால் நாடே அழும்.

எழுதினேன்: கண்ணீர், 7 நொடி. வெங்காயம்.